சாட்சிக்கு வளர்த்த மீன்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. சிரித்தது யார் என்று தெரியாது.

ஓசூருக்கு வெளியே ஒரு தொழிற்சாலை. இருசக்கர வண்டிகளின் உதிரிபாகங்களுக்கு நிக்கலும் குரோமும் முலாம் பூசுகிறார்கள். நண்பர் ஒருவருக்கு அங்கே வேலை இருந்தது; நான் துணைக்குப் போனேன். எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். அதன் முடிவில் நீலம் பூசிய ஒரு சிமெண்டுத் தொட்டி. சுத்தமான தண்ணீர் அதில் விழுந்துகொண்டிருந்தது. தொட்டி நிறைய மீன்.

"பாருங்க சார், மீன் உயிரோட இருக்கு" என்றார் மேலாளர். வருகிறவர்கள் எல்லோருக்கும் காட்டுவார்களாம். தண்ணீர் நல்ல தண்ணீர் என்பதற்கு மீன் சாட்சி.

"இதையெல்லாம் யார் சாப்பிடுவாங்க?" என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டது. எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த வேலையாட்களில் ஒருவர் சிரித்தார். நான் திரும்புவதற்குள் சிரிப்பு முடிந்திருந்தது.

நடந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் உண்டாக்கியது.

2

முதல் தொடக்கம்:

"கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்த அன்று நுரை பாலத்தைத் தொட்டது."

அடித்துவிட்டேன். ஆற்றில் வரும் ஆலைக்கழிவு நுரை படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் நுரையைப் பார்த்த பிறகு யாருக்கும் சந்தேகம் வராது, பயம் வரும். இந்தக் கதையில் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும்.

இரண்டாவது தொடக்கம்:

"மீனில் சத்து இருக்கிறது, மீனில் நஞ்சும் இருக்கலாம், எனவே"

எனவே என்ன என்று தெரியவில்லை. வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.

மூன்றாவது:

"மாதப்பன் தொட்டிக்குள் கூடையை விட்டான்."

இது நிற்கும்.

3

மாதப்பன் தொட்டிக்குள் கூடையை விட்டான். தூக்கும்போது கூடை கனத்தது. கை அகலத்துக்கு ஜிலேபிகள்*, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து துடித்தன. பெரியதாக நாலைந்தைப் பொறுக்கிப் பிளாஸ்டிக் குடத்தில் போட்டான். மற்றவற்றைத் திரும்பத் தொட்டியில் கொட்டினான்.

கம்பெனியில் அவன் ஈடிபி, அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, ஆபரேட்டர். முலாம் பூசும் பிளேட்டிங் ஷெட்டிலிருந்து தண்ணீர் ஒரு குழாயில் மஞ்சளாக வரும், இன்னொன்றில் பச்சையாக வரும். மருந்து கலந்து, சுண்ணாம்பு கலந்து, சேறு அடியில் படியும்வரை விட்டு, வடிகட்டி, அவன் சரி என்று சொன்னால்தான் கடைசி வால்வு திறக்கும். அப்பனும் பாட்டனும் அடுத்தவன் காட்டில் களை பிடுங்கியவர்கள். யாரும் அவர்களிடம் சரியா என்று கேட்டதில்லை. இவனைக் கேட்கிறார்கள். தொட்டியில் விழும் தண்ணீரை இவன் "என் தண்ணி" என்றுதான் சொல்வான்.

தொட்டி கட்டிய புதிதில் கட்லாக் குஞ்சுகளை விட்டார்கள். ஒரு வாரத்தில் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன. அடுத்து ரோகு விட்டார்கள். அதுவும் மிதந்தது. மாதப்பன்தான் யோசனை சொன்னான்.

"ஜிலேபி உட்டுப் பாக்கலாங்க சார். அது எந்தத் தண்ணியிலயும் பொழச்சிக்கும்."

அவனே ஏரியில் பிடித்துக் கொண்டுவந்து விட்டான். பிழைத்தன. பெருகின. பெருகியதை அவ்வப்போது எடுக்காவிட்டால் நெருக்கத்தில் செத்து மிதக்கும். பார்க்க வருகிறவர்கள் முன்னால் அது நன்றாக இருக்காது. "எக்ஸ்ட்ராவை எங்கயாவது கொண்டு போடுப்பா" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அவன் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

[* ஜிலேபி என்றால் திலாப்பியா. சாகாத மீனாகத் தேடிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மீன் சாகவில்லை பாருங்கள் என்று காட்டுகிறார்கள். இதை எழுதியபோது மாதப்பனை நான் ஏமாற்றுக்காரனாக ஆக்கிவிட்டேனோ என்று தோன்றியது. இல்லை. அவனுக்கு அது ஏமாற்று அல்ல; ஒரு வேலை சரியாக நடக்கச் சொன்ன வழி.]

4

சுமலதா மாதப்பனின் மனைவி. பாகலூர் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் பூக்கட்டு கட்டுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இருமல் நிற்கவில்லை. சளியைச் சோதித்துக் காசநோய் என்றார்கள். தினம் மாத்திரை, ஆறு மாதம் விடாமல் போட்டால் சரியாகும். பாதியில் விட்டால் அடுத்த முறை அதே மாத்திரை கேட்காமல் போகலாம்.

மாத்திரை குமட்டியது. நல்ல சாப்பாடு சாப்பிடச் சொன்னார்கள். கோழி கொதிக்கிற வாசனைக்கே எழுந்து வெளியே போனாள். முட்டை உரித்தால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடலை தின்றாள், எத்தனை கைப்பிடி தின்ன முடியும்? பருப்பு பாதி இறங்கும், பாதி திரும்பும். மீன் மட்டும் இறங்கியது. இறங்கியது நின்றது.

இந்த இடத்தில் நீங்கள் என்னைச் சந்தேகிக்கலாம். கோழியை நாற வைத்தது நான்தான். முட்டையையும் நான்தான் பிடுங்கினேன். கதைக்கு மீன் வேண்டும், அதனால் மற்ற கதவுகளை அடைத்தேன். ஆனால் குமட்டலுக்கு நியாயம் கிடையாது. அது எதைத் தள்ளும், எதை விடும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகையால் இதை மாற்றவில்லை.

5

சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுப்பவள் மோகனப்ரியா. திண்டுக்கல்காரி. கணவனுக்கு இங்கே வேலை கிடைத்ததால் ஓசூருக்கு வந்தவள்.

"ஏறுங்கக்கா. செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க. செருப்புக்கும் சேத்து மாத்திரை குடுக்க முடியாது."

சுமலதா எடைக்கருவியில் ஏறினாள்.

"அடேங்கப்பா, நாப்பதத் தாண்டிட்டீங்க! போன மாசம் காத்துல பறந்துருவீங்களோன்னு இருந்துச்சு. என்னக்கா சாப்புடுறீங்க?"

"மீனு."

"எங்கிட்டு வாங்குறீங்க? எனக்கும் சொல்லுங்க. இங்க சந்தையில எல்லாம் ஐசு மீனாவுல்ல இருக்கு."

"வாங்கறதில்லமா. அவுரு கம்பெனியில இருந்து கொண்டாராரு."

"கம்பெனில மீனா? எங்க வீட்டுக்காரருக்கு தீவாளிக்கு டிஃபன்பாக்ஸ் குடுத்தாக. அதோட சரி."

"தொட்டியில வளக்கறாங்க. பிளேட்டிங் தண்ணிய சுத்தம் பண்ணி உடறாங்க இல்ல, அந்தத் தொட்டி."

மோகனப்ரியாவின் சிரிப்பு குறைந்தது. சுமலதாவின் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருந்தது.

"மீனு பெருசா, சின்னதாக்கா?"

"பெருசாத்தான் பாத்து எடுத்தாராரு. எனக்காவ."

"சின்னதா எடுத்தாரச் சொல்லுங்க. தலை வேணாம், செவுளு வேணாம், குடலு ஈரலு ஒன்னும் வேணாம். வாரத்துல ரெண்டு நாளு போதும்."

"மத்த நாளு என்னம்மா திங்கறது?"

மோகனப்ரியா யோசித்தாள். முட்டை என்று சொல்ல வாயெடுத்து, அது இவளுக்கு ஆகாது என்று நினைவு வந்து நிறுத்தினாள். மீன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இவள் நிறுத்திவிடுவாள். அடுத்து மாத்திரை திரும்பும். அடுத்து மாத்திரையை நிறுத்துவாள். அப்படி நிறுத்தியவர்களை மோகனப்ரியா பார்த்திருக்கிறாள்.

"அண்ணனக் கேளுங்க, அந்தத் தண்ணில என்னென்ன வருதுன்னு" என்றாள்.

6

கொஞ்ச நேரம் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது.

மீன் நல்லது. இதில் தகராறு இல்லை. புரதம் எளிதாகச் செரிக்கும். ரத்தத்துக்கு வேண்டிய பி12 உண்டு. இதயத்துக்கு நல்லது என்கிற கொழுப்பு கடல் மீன் அளவுக்கு இல்லாவிட்டாலும் குளத்து மீனிலும் கொஞ்சம் உண்டு. நோயில் கரைந்த உடம்பு எடை கூடுவது மருந்து வேலை செய்வதற்கு நல்ல அடையாளம்.

மீன் தான் வாழ்ந்த தண்ணீரைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். இதிலும் தகராறு இல்லை. பாதரசம் சதையில் சேரும். விரால்போல மற்ற மீனைத் தின்னும் மீனில், வயதான பெரிய மீனில் அதிகம். காட்மியம், ஈயம், குரோமியம், நிக்கல் முதலியவை பெரும்பாலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் செவுளிலும் தங்கும்; சதையில் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று ஆகாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உலோகத்துக்குக் கொதிநீர் ஒரு பொருட்டல்ல.

இரண்டையும் எடை போடு என்கிறார்கள். எப்படி? ஒன்று சில வாரங்களில் கன்னத்தில் தெரிகிறது. மற்றது பல வருடங்கள் கழித்து, வேறு ஏதோ நோயின் பெயரில் வரலாம், வராமலும் போகலாம். சுகாதார நிலையத்து எடைக்கருவி முதலாவதை மட்டும் காட்டும்.

சரி, வேறு மீன் வாங்கட்டும். சந்தையில் ஆந்திராவிலிருந்து பனிக்கட்டியில் வரும் கட்லா இருக்கிறது. எந்தக் குட்டை, என்ன தீனி, யாருக்கும் தெரியாது. ஆற்று மீன் இருக்கிறது. ஆற்றை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தொட்டி மீனுக்கு ஒரு விசித்திரமான பெருமை உண்டு: இந்த வட்டாரத்திலேயே தினம் சோதிக்கப்படும் தண்ணீரில் வளர்ந்த மீன் அதுதான். மாதப்பன் அப்படித்தான் நம்பினான். அவன் நம்பிக்கையில் முட்டாள்தனம் இருப்பதாக எனக்குப் படவில்லை.

7

"எந்தண்ணியில என்ன கொற கண்டா அந்தம்மா?" என்று மாதப்பன் வீட்டில் கத்தினான். மறுநாள் பூபதியிடம் போனான்.

பூபதி கம்பெனி லேபில் கெமிஸ்ட். திருச்சிப் பக்கத்துக்காரர்.

"சார், தொட்டி மீன ஒன்னு டெஸ்டு பண்ண முடியுங்களா?"

"எதுக்கு?"

"சும்மாதாங்க சார்."

"சும்மா எவன்யா டெஸ்ட் பண்ணுவான்? நம்ம லேப்ல தண்ணி மட்டும்தான். மீனுன்னா வெளியில அனுப்பணும். அனுப்புனா ரிசல்ட் வரும்."

"வரட்டுங்களே."

"வந்தா அதைக் கையில வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

மாதப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் வந்தது வேறொன்றுக்கு. "தண்ணி நல்லாருந்தா மீனும் நல்லாத்தான சார் இருக்கும்?"

பூபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நாம பாக்கிறது இன்னைக்குத் தண்ணி. மீன் எல்லா நாளும் அதுலயே கிடக்குது. நீ லீவு போட்ட அன்னைக்கும் கிடக்குது, பம்ப்பு ரிப்பேரான அன்னைக்கும் கிடக்குது. துளித்துளியா உள்ள சேரும். சதையில கம்மியா இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன்." பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தார். "ஏன், நீ சாப்பிடுறியா?"

"இல்லீங்க சார்." உண்மைதான். ஒரு துண்டுகூட அவன் தின்றதில்லை. எல்லாம் அவளுக்கு. "நீங்க சாப்புடுவீங்களா சார்?"

"நானா? நான் சனிக்கிழமை கவிச்சியே தொட மாட்டேன்."

"இன்னிக்கி பொதங்கெழம சார்."

பூபதி சிரித்துவிட்டார். மாதப்பனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே வெளியே வந்தவன் வால்வு வரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றான்.

[பூபதியை நல்லவராக எழுதவா, கெட்டவராக எழுதவா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. அப்படியே விட்டேன்.]

8

அன்றும் குடத்தில் மீன் கொண்டுவந்தான். பழக்கம். வழியில் சாக்கடையில் கொட்டிவிடலாமா என்று ஒரு முறை வண்டியை நிறுத்தினான். காலையில் அவள் எதைத் தின்பாள் என்று நினைத்து வண்டியை எடுத்தான்.

குடத்தைப் பின்பக்கம் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது பக்கத்து வீட்டுக் கெம்பம்மா கிண்ணத்தோடு வந்தாள். கன்னடமும் தமிழும் அவள் வாயில் ஒரே மொழி.

"சுமா, ஊட்டா ஆய்த்தா?" சாப்பாடு ஆச்சா என்று கேட்டபடியே உள்ளே எட்டிப் பார்த்தாள். "தெனம் எங்கூடு வரைக்கும் மீன் கொழம்பு வாசன. கம்பெனி மீனாமே. தொரை பெரிய மனுசனாயிட்டாரு. எங்களுக்கும் ரெண்டு குடுக்கறது. பசங்க கேட்டு உசுர எடுக்குதுங்க."

"தீந்துபோச்சுக்கா" என்றான் மாதப்பன்.

அவனுக்குப் பின்னால் குடத்தில் ஒரு மீன் பலமாகத் துள்ளியது.

கெம்பம்மா குடத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "தீந்துபோனது குதிக்குது பாரு. பிடப்பா பிடு, உட்டுரு. கேட்டது எந்தப்பு." கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

9

"குடம் நெறய கெடக்குது. ஏன்யா இல்லன்ன?" என்றாள் சுமலதா.

"இல்லன்னா இல்லதான். உடு."

"அந்தக்கா நா ஆசுபத்திரியில கெடந்தப்ப கஞ்சி கொண்டாந்து குடுத்துச்சி. அதுக்கு ரெண்டு மீனு குடுக்க ஒனக்கு மனசு வல்லியா?"

"அந்தக்கா வூட்ல புள்ளைங்க இருக்குது சுமா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.

"புள்ளைங்க இருந்தா?"

அவன் குடத்தை ஓரமாக நகர்த்தினான்.

"புள்ளைங்களுக்கு ஆவாதது எனக்கு மட்டும் ஆவுமா?"

அவன் குடத்துக்குப் பக்கத்தில் குந்தினான். பூபதி சொன்னதைச் சொன்னான். கட்லா மிதந்ததைச் சொன்னான், ரோகு மிதந்ததைச் சொன்னான். ஏரியிலிருந்து ஜிலேபி பிடித்துவந்ததைச் சொன்னான்.

"கட்லா செத்தத ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"அது அப்ப. மெசினெல்லாம் புச்சு. எனக்கும் வேல புடிபடல."

"இப்ப உட்டா பொழைக்குமா?"

"உட்டுப் பாக்கல."

"ஏன்?"

அவன் எழுந்துபோய்ச் சட்டியிலிருந்து மதியம் மீந்த வறுவல் துண்டை எடுத்தான். அவள் முன்னால் நின்று தின்றான். முள்ளை மட்டும் துப்பினான்.

"பாரு. நானே திங்கறன். எனக்கு என்ன ஆயிப்போச்சு?"

சுமலதா அவன் வாயைப் பார்த்தாள். "அங்க வர்றவங்களுக்கு மீனு சாவலன்னு காட்டற. இங்க எனக்கு நீ சாவலன்னு காட்டறியா?"

மாதப்பன் கையைக் கழுவவில்லை. எண்ணெய் பிசுபிசுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நா செய்யற வேலைய நா நல்லாத்தான் செய்யறன் சுமா" என்றான்.

"நீ நல்லாத்தான்யா செய்யற. அத ஆரு இல்லன்னா? நா கேக்கறது மீனப் பத்தி."

10

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. மாதப்பன் ஒரு மீனைத் தானே வெளி லேபுக்கு அனுப்புகிறான். சோதனையில் நல்ல முடிவு வருகிறது. எல்லோரும் சாப்பிடுகிறார்கள். — சோதித்தது ஒரு மீனை. அவள் சாப்பிடப்போவது மற்ற மீன்களை.

ஆ. சோதனையில் கெட்ட முடிவு வருகிறது. சுமலதா மீனை நிறுத்துகிறாள். வாசகர் நிம்மதியாகப் புத்தகத்தை மூடுகிறார். மறுநாள் காலை மாத்திரை திரும்புகிறது. அதை எழுத நான் அங்கே இருக்க மாட்டேன்.

இ. மாதப்பன் தொட்டியில் ஒரு கட்லாக் குஞ்சை விடுகிறான். தினமும் போய்ப் பார்க்கிறான். இதை எழுத ஆசையாக இருந்தது. ஒரு பக்கம் எழுதினேன். பிறகு புரிந்தது: கட்லா பிழைத்தால் பிழைத்தது என்று தெரியும், அவ்வளவுதான். மறுபடியும் ஒரு சாட்சி. கிழித்துவிட்டேன்.

ஈ. சுமலதாவின் அம்மா வீடு மத்தூர் பக்கம். அவள் தம்பி பாரூர் ஏரி மீனை வாரம் ஒரு முறை பஸ்ஸில் கொண்டுவருகிறான். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை; பிறந்த வீட்டு மீன் என்பதால் மனசுக்கும் நல்லது. ஆனால் அந்த ஏரியைச் சுற்றி நெல்லும் கரும்பும். வயலுக்குத் தெளிப்பது எங்கே வடிகிறது என்று நானும் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்ததில்லை. அந்த மீனை நல்லது என்று எழுதினால் அது என் ஆசை, தகவல் அல்ல. மற்ற நாட்களுக்கு என்ன என்பதும் அப்படியே நிற்கிறது.

உ. மாதப்பன் மேலாளரிடம் போய்

இல்லை. போக மாட்டான். போகிற ஆளாக அவனை நான் எழுதவில்லை. இப்போது திடீரென்று துணிச்சல் கொடுத்தால் அது என் வசதிக்கு.

11

வழி தெரியாமல் சுமலதாவையே கேட்டேன். என் கதை; கேட்கலாம். குடத்திலிருந்து மீன்களை எடுத்துத் தரையில் பரப்பியிருந்தாள். பெரியவற்றை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, சிறியதாக ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். அது ஒன்றுதான் சிறியது. அரிவாள்மணையில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் அறுக்கவில்லை.

"நீங்கதான் எளுதறவரா?" என்றாள். "எனக்கு ஏங்க கோழிய நாற உட்டீங்க?"

மன்னிப்புக் கேட்டேன்.

"அது கெடக்கட்டும். அந்தம்மா சொன்னாப்பல தலைய எடுத்துடறன். கொடலு ஈரலு எல்லாம் எடுத்துடறன். சிறுசா பாத்து ஆக்கறன். வாரத்துல ரெண்டு நாளு. அதுக்கு மேல எனக்குத் தெரியல. நீங்க படிச்சிருக்கீங்க, ஒரு பக்கம் பூரா மீனப் பத்தி எளுதியிருக்கீங்க. திங்கவா வேணாமா?"

வேண்டாம் என்று வாயெடுத்தேன்.

"வேணாம்னு சொல்றது சுளுவுங்க. அந்தக்காவுக்கு இவுரு இல்லன்னு சொன்னாரே, அப்பிடி. வேணாம்னா வேற எதுன்னு சொல்லணும்."

எனக்குத் தெரியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன்; அவள் அந்த மீனைப் பிடித்தபடி இன்னும் உட்கார்ந்திருக்கிறாள்.

முடிவை நீங்கள் எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: "சாப்பிடாதே" என்ற சொல்லோடு நிறுத்தக் கூடாது. காலையில் அவள் மாத்திரை போட வேண்டும். போட்டது உள்ளே நிற்க வேண்டும். அவளுக்கு ஒரு மீனின் பெயரைச் சொல்லுங்கள். அது எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்றும், அந்தத் தண்ணீரை நீங்கள் எப்போது பார்த்தீர்கள் என்றும் கூடவே சொல்லுங்கள்.